மருந்து ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



இந்தப் பக்கத்தில் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தச்சோகை, பிள்ளை மடுவத்துச் சாப்பாடு, வயிற்றோட்டம், வெற்றிலை புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் என்று எத்தனையோ விஷயங்களை எழுதியிருக்கிறோம். தகப்பனாகப் போகிற ஒரு இளைஞனைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. அது எங்கள் குறைதான். எழுத வைத்தது ஒரு குடும்பத்தின் கதை. பெயரும் தோட்டமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் சொல்லவில்லை.

ஊவாவில் இருந்து கீழே இறங்கினால் பிபிலை, மகா ஓயா தாண்டிச் செங்கலடியில் போய் முடிகிற பெரிய ரோட்டு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கலவரக் காலங்களில் மலையை விட்டு இறங்கியவர்களில் சிலர் அந்த வழியாகப் போய், மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கம் வயலும் மாடுமாகக் குடியேறினார்கள். இன்றைக்கும் கல்யாணம், கருமாதி, அறுவடை வேலை என்று போக்குவரத்து இருக்கிறது. நாம் சொல்ல வந்த பையனும் பதுளைப் பக்கத்து லயத்தில் பிறந்து, மாமா வீட்டுக்கு வயல் வேலைக்குப் போனவர். இருபத்திரண்டு வயதில் கழுத்தில் ஒரு கட்டி. ஹொட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து ஏற்றினார்கள். குணமானது. ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை இன்னும் கடுமையான மருந்து. அதிலும் பிழைத்தார். இப்போது நன்றாக இருக்கிறார், உழவு மெஷின் ஓட்டுகிறார்.

கல்யாணமாகி நான்கு வருடம் பிள்ளை இல்லை. பழி யார் மேல் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளையை மூன்று இடத்தில் டெஸ்ட் பண்ணினார்கள். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்தார்கள். மாமியார் வாயில் "மலடி" என்ற வார்த்தையும் வந்துவிட்டது. புருஷனுடைய விந்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நான்காவது வருடத்தில்தான் ஒரு டொக்டர் சொன்னார். முடிவில் விந்துக்கலம் ஒன்றுகூட இல்லை.

"சேர், மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வெக்கத்த பாத்திருக்க மாட்டேன்" என்றார் அவர். எங்களுக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த நாளில் அவருக்குப் பஸ் காசுக்கும் சத்துணவுக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள். நாங்களும் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். புற்றுநோய்க் கலம் வேகமாகப் பெருகும் கலம். அதைக் கொல்லக் கொடுக்கும் மருந்துக்கு நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாது. வேகமாகப் பெருகுகிற எதைக் கண்டாலும் தாக்கும். அதனால்தான் தலைமுடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, இரத்தம் குறைகிறது. ஆணின் உடம்பில் இராப்பகலாகப் பெருகிக்கொண்டே இருக்கும் இன்னொரு இடம் விதைகள். பெயரே சொல்கிறது. ஒரு விந்துக்கலம் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் எடுக்கும்.

தோட்டத்து நாற்று மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நிற்கிற இளங்கன்றுகள் கருகிப் போனாலும், கன்று வெட்டுகிற தாய்ச்செடி உயிரோடு இருந்தால் மறுபடி மேடை நிறையும்; கொஞ்சம் காலம் எடுக்கும், அவ்வளவுதான். தாய்ச்செடியே பட்டுப் போனால் வெறும் மண்தான். விதைக்குள்ளும் தாய்க்கலங்கள் இருக்கின்றன. மருந்து இளங்கலங்களை மட்டும் எரித்ததா, தாய்க்கலங்களையும் எரித்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது மருந்தின் வகையையும், மொத்தமாக உடம்பில் ஏறிய அளவையும் பொறுத்தது.

சைக்ளோபொஸ்பமைட், இபோஸ்பமைட், புரோகார்பசின், குளோராம்புசில், மெல்பலான், பியூசல்பான் ஆகியவை தாய்க்கலங்களைத் தாக்கும் வகை. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். எலும்பு மச்சை மாற்றுவதற்கு முன் கொடுக்கும் பெரிய அளவு மருந்துக்கும், முழு உடம்புக்கும் பிடிக்கும் கதிருக்கும் பிறகு விந்து திரும்புவது அரிது. சிஸ்பிளாட்டின் நடுத்தரம், பலருக்கு ஓரிரண்டு வருடத்தில், சிலருக்கு இன்னும் தாமதமாக, திரும்பி வரும். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதைக் காட்டி, "இது அந்த வகையா?" என்று கேட்டால் போதும். சைக்ளோபொஸ்பமைட் புற்றுநோய்க்கு மட்டும் கொடுக்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லிவைக்கிறோம். சில சிறுநீரக நோய்களுக்கும் வாத நோய்களுக்கும் அதைக் கொடுக்கிறார்கள்.

மருந்தின் வகையை மாற்றியே எத்தனையோ ஆண்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1960களில் அமெரிக்காவில் ஹொட்ஜ்கின் நோய்க்கு நான்கு மருந்து சேர்ந்த மொப் என்ற முறை வந்தது. சாக வேண்டியவர்கள் பிழைத்தார்கள். ஆனால் அந்த நான்கில் ஒன்று புரோகார்பசின். பிழைத்த ஆண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு விந்து நின்றுபோனது. 1970களில் இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா என்ற டொக்டரும் கூட்டாளிகளும் ஏ.பி.வி.டி. என்ற வேறு கூட்டைக் கொண்டுவந்தார்கள். நோயும் குணமானது, பெரும்பாலானோருக்கு விந்தும் திரும்பியது. எங்கள் பையனுக்கு முதல்முறை கொடுத்தது இந்தக் கூட்டுத்தான். அந்த ஒன்றரை வருட இடைவெளியில், நோய் திரும்பியது என்று தெரிந்த அன்றைக்காவது கேட்டிருந்தால் வழி இருந்திருக்கும். ஒருமுறை தப்பியவர்களும் இரண்டாம் முறை மருந்து மாறும்போது மறுபடி கேட்க வேண்டும்.

அந்த வழி என்ன? நெல் விளைகிற மட்டக்களப்பில் எந்த விவசாயியும் விதைநெல்லை வெள்ளம் வந்த பிறகு தேட மாட்டான். மாரி தொடங்குவதற்கு முன்பே உயரத்தில் ஏற்றி வைத்துவிடுவான். விந்தையும் அப்படியே முதலாவது மருந்து ஏறுவதற்கு முன் எடுத்து, உறையவைத்துச் சேமிக்கலாம். இன்றுவரை ஆணுக்கு உறுதியாகப் பலன் தரும் வழி இதுதான்.

இது புதிய வித்தையல்ல. 1949இல் லண்டனில் கிறிஸ் பொல்ஜ் என்பவரும் தோழர்களும் சேவலின் விந்தை உறையவைக்கப் பார்த்தார்கள். பழச்சீனிக் கரைசல் என்று நினைத்து எடுத்த போத்தலில் இருந்தது கிளிசரின். போத்தல் மாறியதால் வேலை பலித்தது! கிளிசரின் சேர்த்தால் உறையும்போது கலம் வெடிக்காமல் தாங்கும் என்று அப்படித்தான் தெரிந்தது. 1953இல் அமெரிக்காவின் அயோவாவில், உறையவைத்த விந்தால் மனிதப் பிள்ளைகள் கருவானதை உலகுக்கு அறிவித்தார்கள். இன்றைக்குத் திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில் வைக்கிறார்கள். அந்தக் குளிரில் காலம் நின்றுவிடும் என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் 1979இல் பதினேழு வயதுப் பையன் ஒருவன், விதையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவதற்கு முன் விந்து சேமித்தான். இருபத்தொரு வருடம் கழித்து அதை எடுத்துப் பயன்படுத்தி அவர் தகப்பனானார்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1996இல் மருந்து தொடங்குவதற்கு முன் சேமித்து, 1999இல் முதல் பிள்ளையைப் பெற்றார். (ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டமெல்லாம் பறிபோனது வேறு கதை.) நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தவர் யுவராஜ் சிங். 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நாம் தோற்ற இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தொடரின் சிறந்த வீரராகக் கிண்ணம் வாங்கியபோதே அவர் நெஞ்சுக்குள் கட்டி இருந்தது. 2012இல் அமெரிக்காவில் மருந்து ஏற்றினார், அதே வருடம் மைதானத்துக்குத் திரும்பினார், 2022இல் மகன் பிறந்தான். புற்றுநோய் என்றால் இனி அவனுக்குக் குடும்பமே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

சேமிக்கப் போனால் என்ன நடக்கும்? முதலில் இரத்தம் எடுத்து எச்.ஐ.வி., செங்கமாரி வகைகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தனி அறையில், தானே கைப்பழக்கத்தால் விந்து எடுத்து சிறு போத்தலில் கொடுக்க வேண்டும். இதை எழுதவே எங்களுக்கும் கூச்சம்தான். ஆனால் கூச்சத்துக்குப் பயந்து எழுதாமல் விட்டதன் பலனை மேலே படித்தீர்கள். இரண்டு மூன்று நாள் அடக்கமாக இருந்துவிட்டுப் போவது நல்லது. நாள் இருந்தால் இரண்டு மூன்று தடவை கொடுக்கலாம். நாள் இல்லாவிட்டால் ஒரே தடவை கொடுத்ததும் பெரிய காரியம்தான். நோயினால் விந்து ஏற்கெனவே குறைந்திருந்தாலும் மனம் விட வேண்டாம். 1992இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் டொக்டர்மார் ஒரே ஒரு விந்துக்கலத்தை ஊசியால் முட்டைக்குள் செலுத்திப் பிள்ளை பிறந்ததை அறிவித்த நாள் முதல், கோடிக்கணக்கில் விந்து வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. போத்தலில் விந்தே வராவிட்டால் விதையிலிருந்து சிறு துண்டு எடுத்துத் தேடவும் முடியும்.

எடுத்த விந்தை ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆகவே வீட்டில் எடுத்துத் தூரத்துக்கு அனுப்ப முடியாது. இந்த வசதி கொண்ட தனியார் நிலையங்கள் கொழும்பில் இருக்கின்றன. மட்டக்களப்பில் இருந்தோ பதுளையில் இருந்தோ ஒரு இரவு பஸ்தான். செலவு உண்டு, சேமிக்கும்போது ஒரு தொகை, பிறகு வருடா வருடம் வாடகை போல ஒன்று. வைத்தியம் இலவசமாகக் கிடைக்கிற நாட்டில் இதற்கு மட்டும் கையிலிருந்து போடவேண்டியிருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஏழைப் பையனுக்கும் பிள்ளை ஆசை உண்டு.

எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். விதைப் புற்றுநோய், ஹொட்ஜ்கின் போன்றவற்றில் சில நாள் பொறுப்பதால் பெரும்பாலும் கெடுதல் வராது. சில இரத்தப் புற்றுநோய்களில் அன்றைக்கே மருந்து தொடங்காவிட்டால் உயிருக்கே மோசம். அப்படிச் சொன்னால் மறுபேச்சுப் பேசக் கூடாது. உயிர் முதலில். ஆனால் கேட்காமல் விடுவதும், கேட்டு "முடியாது" என்ற பதில் வாங்குவதும் ஒன்றல்ல.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே தமிழிலேயே பேசலாம். மொழி தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்த நம் ஆட்களுக்கு அது சின்ன விஷயமல்ல. மஹரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அம்மாவுக்கு முன்னால் பேச வெட்கமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதி டொக்டர் கையில் கொடுங்கள். "எனக்குப் பிற்காலத்தில் பிள்ளை வேண்டும். இந்த மருந்து விந்தைப் பாதிக்குமா? தொடங்குவதற்கு முன் விந்து சேமிக்க எத்தனை நாள் தருவீர்கள்?" அவ்வளவுதான். தாய்மாரே, நீங்களும் கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள். பையன் பேசட்டும்.

சேமிப்புத் தவிர வேறு மருந்து இல்லையா என்று கேட்பார்கள். ஹோர்மோன் ஊசி போட்டு விதையைத் தூங்க வைத்தால் தப்பும் என்று முயன்று பார்த்தார்கள், ஆண்களில் பலிக்கவில்லை. சத்து மாத்திரைகள் எலியில் கொஞ்சம் வேலை செய்ததாக ஆராய்ச்சிகள் உண்டு. மனிதனுக்கு நிரூபணமில்லை. மருந்து ஏறுகிற நாட்களில் டொக்டருக்குத் தெரியாமல் கஷாயமோ லேகியமோ குடித்தால் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடலாம். கதிர்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் விதைப்பைக்கு ஈயக் கவசம் வைப்பார்களா என்று கேட்கலாம். இது பலன் உள்ளது.

லொட்ஜில் அறை எடுத்துத் தங்கி, "ஆண்மைக் குறைவா? வாருங்கள்" என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களிடம் போகவே வேண்டாம். அவர்கள் நம் ஆட்களின் ஒரு குழப்பத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஆண்மை வேறு, பிள்ளை உண்டாக்கும் சக்தி வேறு. ஆண் ஹோர்மோனைச் சுரக்கும் கலங்கள் விந்தை உண்டாக்கும் கலங்களைப் போல எளிதில் சாவதில்லை. அதனால் விந்துக்கலம் ஒன்றும் இல்லாத ஆணுக்கும் பெரும்பாலும் மீசை, குரல், ஆசை, தாம்பத்தியம் எல்லாம் முன்போலவே இருக்கும். எங்கள் பையனுக்கும் அப்படித்தான். அதனால்தான் நான்கு வருடம் யாருக்கும் அவர்மேல் சந்தேகமே வரவில்லை, பழி முழுவதும் மனைவிக்குப் போனது. இன்னொன்றும் உண்டு. ஆண் ஹோர்மோன் ஊசியை வெளியிலிருந்து போட்டால் விந்து கூடாது, உள்ளதும் நின்றுவிடும்.

ஆண்கள் பேசாமல் இருப்பதால் என்ன ஆகும் என்பதற்குத் தொழிலாளர் உலகத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, எவருக்குமே பிள்ளை பிறக்கவில்லையே என்று கவனித்தார்கள். சோதித்தால் பலருக்கு விந்து இல்லை. டொக்டரோ துரையோ கண்டுபிடிக்கவில்லை, தொழிலாளர் வாய்விட்டுப் பேசியதில்தான் தெரிந்தது.

மருந்து தொடங்கியபின் இன்னொரு கவனம் வேண்டும். விந்து உடனே நிற்காது. சில வாரம் வரும். ஆனால் அது மருந்தால் பழுதடைந்த விந்து. ஆகவே சிகிச்சைக் காலத்திலும், முடிந்து குறைந்தது ஒரு வருடமாவது கருத்தடை வேண்டும். சில டொக்டர்மார் இரண்டு வருடம் என்பார்கள். "எனக்குத்தான் வராதே" என்று அசட்டையாக இருந்து, நடுவில் கரு தங்கிவிட்டால் இன்னொரு கவலை. ஆணுறை நல்லது, மருந்து ஏறிய நாட்களில் விந்தோடு மருந்தும் கொஞ்சம் வரும் என்பதால் மனைவிக்கும் அது பாதுகாப்பு. ஒரு வருடம் கழிந்தபின் விந்துப் பரிசோதனை செய்து பாருங்கள். முதல் தடவை பூச்சியம் என்றால் அதுவே முடிவல்ல. மூன்று நான்கு வருடத்தில் திரும்பியவர்களும் உண்டு. இப்படிக் காத்திருந்து பெற்ற பிள்ளைகளுக்கு, மருந்தின் காரணமாக அங்கவீனம் கூடுதலாக வருவதாகக் காணவில்லை. இந்தப் பயத்தில் கல்யாணத்தையே நிறுத்திய ஒரு வீடு எங்களுக்குத் தெரியும்.

வயதுக்கு வராத சிறு பையன்களுக்கு விந்து இராது, சேமிக்கவும் முடியாது. விதையில் சிறு துண்டை உறையவைத்துப் பிற்காலத்தில் பயன்படுத்தும் முறை சில நாடுகளில் இன்னும் ஆராய்ச்சியாகத்தான் நடக்கிறது. ஆனால் பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடைந்த பையனுக்குச் சேமிப்பு முடியும். "சின்னப் பிள்ளையிடம் இதையா பேசுவது" என்று பெற்றோர் முகம் சுளிப்பதால்தான் வாய்ப்பு போகிறது. தகப்பனோ தாய்மாமனோ பேசலாம், இல்லாவிட்டால் டொக்டர் தனியே பேசட்டும்.

சேமித்தவர்களுக்கு ஒரு சொல். நிலையத்தில் கொடுக்கும் கடதாசியைப் பிறப்பத்தாட்சியோடு சேர்த்து வையுங்கள். வருடாந்தப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். லயத்து விலாசத்துக்கு வரும் கடிதங்கள் தோட்ட ஒபிஸ் மேசையில் வாரக்கணக்கில் கிடப்பதும், ஒரே பெயரில் நான்கு பேர் இருந்து கைமாறிப் போவதும் நாம் அறியாததல்ல. ஆகவே போன் நம்பர் இரண்டு கொடுங்கள். ரோட்டோரக் கடையோ டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீடோ இரண்டாவது விலாசமாக இருக்கட்டும். நம்பர் மாறினால் அன்றைக்கே அறிவியுங்கள். மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் சேமித்ததை என்ன செய்வது என்றும் படிவத்தில் கேட்பார்கள். அதை வாசித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அந்தத் தம்பதிக்கு நாங்கள் என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். விதையிலிருந்து துண்டு எடுத்துத் தேடினால் சிலருக்கு ஒன்றிரண்டு விந்துக்கலம் கிடைப்பதுண்டு, அதைக் கொழும்பில் பார்க்கலாம் என்றோம். கிடைக்காவிட்டால் பிள்ளை எடுத்து வளர்ப்பது பற்றி இருவரும் பேசியிருக்கிறார்கள். மாமியார் இப்போது மருமகளோடுதான் கோயிலுக்குப் போகிறாராம். எங்கள் உதவிப் படிவத்தில் பஸ் காசு, சத்துணவு என்ற கட்டங்களுக்கு மேலே ஒரு புதிய கட்டம் போட்டிருக்கிறோம்: "மருந்து எப்போது தொடங்குகிறது? விந்து சேமிப்பது பற்றி டொக்டரிடம் கேட்டீர்களா?" வெட்கப்படாமல் நிரப்பித் தாருங்கள். கேட்காதவர்களுக்காக நாங்களே கூட வந்து கேட்கிறோம்.